நீலக் குடைகள் அறுநூற்றுப் பன்னிரண்டு

பழைய ஆபீசில் அவனுக்கு 'ரெண்டுநாள்' என்று பெயர். எந்த வேலையைக் கொடுத்து எப்போது முடியும் என்று கேட்டாலும் ரெண்டு நாள் என்பான். மூன்று மாத வேலைக்கும் அதே பதில்தான். பொய் சொல்கிறவன் இல்லை. சொல்லும்போது அவனுக்கே அப்படித்தான் தோன்றும். பதினான்கு வருஷம் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து மற்றவர்களுடைய கம்பெனிகளுக்கு வலைத்தளம் கட்டிக்கொண்டிருந்தான். நம்முடையது என்று சொல்லிக்கொள்ள ஒன்றாவது நிற்கட்டும் என்று நாற்பத்தொன்றாவது வயதில் வேலையை விட்டான்.

ரிப்பேருக்குக் கொடுத்த மின்விசிறிக்காக ஒரு கடைக்கு ஐந்து முறை அலைந்ததில் பிறந்த யோசனை அது. கடைக்காரர் வந்த பொருளைப் பதிந்து வைப்பார். வேலை முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்துவார். கொடுத்தவர் வீட்டிலிருந்தபடியே போனில் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். மனைவியிடம் ரெண்டு மாதம் என்றான். ஒன்றரை வருஷம் ஆயிற்று.

கடைகள் சேர்ந்தன, போயின. எண்ணிக்கை இருபதைத் தாண்டவில்லை. பிறகு ஐந்து மாதங்களுக்கு முன்னால் திடீரென்று ஏறத் தொடங்கியது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு, சில நாள் ஆறு. புதிதாகச் சேர்ந்த கடை ஒரு மணி நேரம் நிலைத்துவிட்டால் அவன் போனில் மணி அடிக்கும்படி வைத்திருந்தான். சோறு பரிமாறும்போது மணி அடித்தால் அவன் மனைவி கரண்டியை நிறுத்திப் புன்னகை செய்வாள். அதற்காகவே அந்தச் சத்தத்தை அவன் குறைக்கவில்லை.

எந்தப் பொருள் அதிகமாக ரிப்பேருக்கு வருகிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தான். குடை. மற்றதெல்லாம் சேர்ந்தாலும் பக்கத்தில் வர முடியாத அளவுக்குக் குடை.

"எட்டு மாசமா மழையே இல்ல. இத்தன குடைய யாருங்க ரிப்பேர் பண்றா?" என்று அவள் கேட்டாள்.

"வெயிலுக்கும் குடைதானே."

"நம்ம வீட்டுக் குடையே ஒன்றரை வருஷமா மூலையில கெடக்கு. அத ஒரு ரிப்பேர்காரர்கிட்டக் குடுக்க உங்களுக்கு நேரமில்ல. ஊர்க் குடைக்கெல்லாம் நீங்க காவல்."

அவனும் சிரித்தான். இரண்டு மாதம் உட்கார்ந்து குடைக்கென்று தனிப்பக்கம் கட்டினான். திரையில் ஒரு குடை விரிந்திருக்கும். எந்தக் கம்பி உடைந்ததோ அதைத் தொட்டால் போதும். கைப்பிடி தனி, துணி தனி, துணியின் நிறம் தனி. அதிகம் பேருக்கு வேண்டியது அதுதான் என்பதால் எல்லாக் கடைகளுக்கும் முதல் பக்கமாக அதையே வைத்தான். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு கடைக்கும் நன்றிக் கடிதம் போட்டான். ஒருவரும் பதில் எழுதவில்லை. வேலை செய்கிற மனிதர்கள், கடிதம் எழுதவா நேரம் என்று நினைத்துக்கொண்டான்.

அறுநூறு கடைகளைத் தனியாளாகச் சமாளிக்க முடியாது. நாளைக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்தால் யார் எடுப்பது? நீயும் வந்துவிடு என்று அவளைக் கேட்டான். அவள் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். மூன்று வாரம் யோசித்தாள். அன்று காலை ராஜினாமாக் கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் செருப்பைப் போட்டவள் திரும்பினாள்.

"குடுத்துடவா?"

"குடு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ரெண்டுநாள் கணக்கு வேணாம்."

"அந்தக் கோட்டப் பாத்தியா? ஒரு நாளாவது எறங்கியிருக்கா?"

அவள் பார்த்திருந்தாள். சுவரை ஒட்டிய மேஜையில், இரண்டாவது திரையில், இரவும் பகலும் கடைகளின் எண்ணிக்கையைக் காட்டும் அந்தக் கோடு ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அவள் போனபிறகு அவன் முகப்புப் பக்கத்தில் போடுவதற்கு நல்ல குடைக்கடை ஒன்றைத் தேடினான். 'நிலா சர்வீஸ்' என்ற பெயர் பிடித்தது. உள்ளே போய்ப் பார்த்தான். ஒரே ஒரு பொருள்தான் பதிவாகியிருந்தது. 'நீலக் குடை. கைப்பிடி உடைந்தது. மூன்றாவது கம்பி வளைந்திருக்கிறது.' புதுக்கடை, போகப்போக வரும். அடுத்து 'விடியல் ரிப்பேர்ஸ்'. ஒரே ஒரு பொருள். நீலக் குடை, கைப்பிடி உடைந்தது, மூன்றாவது கம்பி. அடுத்தது. அதற்கடுத்தது.

அவன் தலையைத் தூக்கினான். கதவுக்குப் பின்னால் மூலையில் மனைவியின் நீலக் குடை சாய்ந்திருந்தது. கைப்பிடி இல்லை. மூன்றாவது கம்பியை அவன் எண்ணிப் பார்க்கவில்லை.

மணி பதினொன்றரை.

எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. வலைத்தளத்தைத் திறந்த வாரத்திலேயே அவன் ஒரு சின்னப் புரோகிராம் எழுதிவைத்தான். காவல்காரன் என்று அதற்குப் பெயர். ஒரு நாளைக்குச் சில முறை, நேரம் சொல்லாமல், யாரோ புது ஆள்போல அது உள்ளே வரும். ஒரு கடையைத் திறக்கும். ஒரு பொருளைப் பதியும். முடிந்தது என்று பொத்தானை அழுத்தும். பிறகு கடையைக் கலைத்துவிட்டுப் போய்விடும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. எங்காவது தடுக்கினால் அவனுக்குத் தகவல் வரும். கடைப்பெயர்களை மாற்றி மாற்றிக் கோத்துக்கொள்ள இருபது சொல் எழுதிக்கொடுத்தான். பதியப் பொருள் வேண்டுமே என்று திரும்பிப் பார்த்தபோது அந்தக் குடை கண்ணில் பட்டது.

ஐந்து மாதங்களுக்கு முன்னால் அவன் வேறொன்று செய்திருந்தான். வாடிக்கையாளரை அவ்வளவு சுலபமாகப் போகவிடக்கூடாது என்று எங்கோ படித்துவிட்டு, கடையைக் கலைக்கிற பொத்தானுக்குப் பின்னால் ஒரு பக்கத்தைச் செருகினான். 'ஏன் போகிறீர்கள்? காரணம் சொல்லுங்கள்.' மனிதர்கள் ஏதாவது எழுதிவிட்டுப் போவார்கள். காவல்காரனுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. அங்கேயே நின்றுவிட்டது. கடைசிப் படி தடுக்கினால் தகவல் சொல் என்று அதற்கு அவன் எழுதவே இல்லை. எல்லாம் முடிந்தபிறகு குப்பை அள்ளுவதில் என்ன தடுக்கப்போகிறது என்று விட்டிருந்தான். நன்றிக் கடிதங்களெல்லாம் அவனே காவல்காரனுக்காக வைத்த, யாரும் திறந்து பார்க்காத மின்னஞ்சல் பெட்டிக்குள் போய் விழுந்திருந்தன.

மனைவிக்குப் போன் செய்தான். பரிசோதனைக் கூடத்துக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பாள். அடித்து அடித்து ஓய்ந்தது.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். பஸ்ஸில் நாற்பது நிமிஷம். சட்டையைக்கூடப் போட்டுவிட்டான். பிறகு உட்கார்ந்தான். நீலக் குடைகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் உண்மையாகவே எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு நாற்பது பேர் இருந்துவிட்டால் அவளிடம் வேறு மாதிரி சொல்லலாம். நாற்பது என்பது மோசமில்லை. நாற்பதிலிருந்து ஏறிவிடலாம்.

குடைகள் அறுநூற்றுப் பன்னிரண்டு. கழித்தால் மிச்சம் பதினொன்று. அதில் ஒன்று அவனே ஆரம்பத்தில் திறந்தது. இன்னொன்று அவன் மனைவி ஆசைக்குத் திறந்து, 'என் புருஷன், ரிப்பேர் செய்யவும்' என்று பதிந்தது. ஒன்பது. கணக்குத் தவறு என்று வேறு வழியில் எண்ணினான். ஒன்பது. தேதி வைத்து எண்ணினான். ஒன்பதில் ஆறு பேர் இரண்டு மாதமாக எட்டியே பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தினமும் வருகிற மூன்று பேரில் முதல் ஆளுக்குப் போன் செய்தான். தையல் மெஷின் மெக்கானிக். எடுத்தவர் பின்னால் மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நான் அந்த ரிப்பேர் சாஃப்ட்வேர்லேர்ந்து பேசறேன். செஞ்சதே நான்தான்."

"அட, ஆளு இருக்கீங்களா? மெஷின்தான் நடத்துதுன்னு நெனச்சேன்." மெஷின் சத்தம் நின்றது. "தம்பி, ஒண்ணு கேக்கணும். அந்தக் குடை எதுக்கு?"

"குடை..."

"காலையில தொறந்தா மொதல்ல பெருசா ஒரு குடை வருது. நான் தையல் மெஷின் பாக்குறவன். குடையோட கம்பியத் தொட்டாத்தான் அடுத்த பக்கம் போவுது. தெனம் ஒரு கம்பிய ஒடச்சிட்டுத்தான் உள்ள போறேன். மூணு தடவ எழுதினேன். பாக்கலயா?"

பார்த்திருந்தான். மூன்றையும் பார்த்தான். அறுநூறு பேருக்கு வேண்டியது ஒருவருக்குப் பிடிக்கவில்லை, பரவாயில்லை என்று ஒதுக்கியிருந்தான்.

"ஆனாலும் தெனம் வர்றீங்களேண்ணே. உபயோகமா இருக்குல்ல?" தன் குரல் கெஞ்சுவது அவனுக்கே கேட்டது.

"மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லக்கூடாது. வெட்டியா போன் பண்றவங்க கொறஞ்சாங்க. இந்தக் குடை வந்தப்புறம் விட்டுடலாம்னு பாத்தேன். விடமாட்டேங்குதே. ஏன் போறீங்கன்னு கேட்டுச்சு. உக்காந்து முழுசா எழுதினேன், குடைலேர்ந்து ஆரம்பிச்சு. அழுத்தினா வெள்ளையா நின்னுடுச்சு. மறுநாளும் எழுதினேன். அப்புறம் சரி, விதின்னு விட்டுட்டேன்."

"நான் சரி பண்ணிடறேண்ணே."

"எப்ப?"

அவன் வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. போனை வைத்துவிட்டான்.

எந்த மனிதரும் அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை. ஐந்து மாதமாக ஒரு கடையும் விலகவில்லை என்று அவளிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருந்தான். விலகியிருக்க முடியாது. மணி இரண்டே கால். லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினான்.

ஆஸ்பத்திரி நடைவழியில் மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டு அனுப்பினான். வெள்ளைக் கோட்டுடன் வெளியே வந்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும், "யாருக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

"கடிதம் குடுத்துட்டியா?"

"வந்ததும் குடுத்துட்டேன். கையில வச்சிருந்தா மனசு மாறிடும்னு. ஏங்க?"

சொன்னான். காவல்காரன், இருபது சொற்கள், மூலையில் கிடக்கும் குடை, எழுதி எழுதி வெளியே போக முடியாத மெக்கானிக். அவள் நீளமாக இருந்த ரப்பர் கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள்.

"இங்கயே உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மேலதிகாரி அறைக்குள் போனாள்.

பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் முழங்கைப் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம்பெண் குப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அடுக்கிய வரிசையைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தாள். தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

அவன் மனைவி அந்தக் கண்ணாடி அறை வழியாக வெளியே வந்தாள். உட்காரவில்லை.

"ஆறு வருஷமா தற்காலிகமா இருக்கால்ல, அந்தப் பொண்ணு. என் எடத்த அவளுக்குக் குடுத்துட்டாங்க. ஒரு மணிக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கார். வீட்டுக்கெல்லாம் போன் பண்ணிட்டாளாம்."

"கேட்டுப் பாத்தியா?"

"கேட்டேன். கடிதம் இன்னும் மேஜமேலதான் இருக்கு, கிழிச்சுடறேன்னார். ஆனா அவகிட்ட நீயே போய்ச் சொல்லிடுன்னார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் அவர்களைப் பார்த்துக் கையசைத்தாள். அவன் மனைவியும் கையசைத்தாள்.

"போனேன். அக்கா, உங்களாலதான்னு என் கையப் புடிச்சுக்கிட்டா. வந்துட்டேன்." பிறகு, "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?" என்றாள்.

பொய் சொல்ல ஒரு கணம் இருந்தது.

"பதினொன்றரைக்கு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பஸ் நேரத்தைக் கூட்டிப் பார்க்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. ஒரு மணிக்கு முன்னால் வந்து, திரும்பியேகூடப் போயிருக்கலாம்.

"நாப்பது பேராவது இருப்பாங்களான்னு எண்ணிக்கிட்டிருந்தேன்."

அப்போது அவன் சட்டைப் பையில் மணி அடித்தது. பழக்கத்தில் அவள் முகம் மலர்ந்தது. அரைக் கணம்தான். பிறகு அது இறங்கியதை அவன் பார்த்தான். இத்தனை நேரத்தில் அவனால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

"அத இன்னும் நிறுத்தலயா?"

"நிறுத்திடறேன்."

"அப்புறம் நிறுத்துங்க. மொதல்ல அந்தத் தையல் மெஷின்காரர வெளிய விடுங்க. பாவம்." உள்ளே போகத் திரும்பினாள். "ஆறு மணிக்குத்தான் முடியும். நோட்டீஸ் முடியற வரைக்கும் இன்னும் ஒரு மாசம் நான் இங்க வேலைக்காரிதான்."

அவன் பெஞ்சிலேயே லேப்டாப்பைத் திறந்தான். ஏன் போகிறீர்கள் என்று கேட்கும் பக்கத்தை முழுதாக எடுத்தான். ஐந்து நிமிஷ வேலை. குடைப் பக்கத்தை எடுக்க இருபது நிமிஷம். அறுநூற்றுப் பன்னிரண்டு கடைகளையும், மணி அடித்து வந்த புதியதையும் சேர்த்துக் கலைக்க ஒரு வரி போதுமாயிருந்தது. கோடு செங்குத்தாக விழுந்து அடியில் படுத்துக்கொண்டது. தன்னுடையதையும் கலைத்தான். அவள் திறந்த கடைக்கு வந்தபோது அந்த ஒரு பதிவைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதையும் கலைத்தான். எண் ஒன்பது என்று காட்டியது.

மெக்கானிக்குக்குப் போன் செய்தான்.

"அண்ணே, குடைய எடுத்துட்டேன். இனிமே போகணும்னாலும் போகலாம்."

"அதுக்குள்ளயா? பரவாயில்லையே தம்பி. கையில வேலையா இருக்கேன், சாயங்காலம் பாக்குறேன்."

எதைப் பார்ப்பார் என்று அவர் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பஞ்சுக்காரப் பெரியவர் எழுந்து போனார். வேறொருவர் வந்து உட்கார்ந்தார். அவன் திரையை மூடாமல் மடியிலேயே வைத்திருந்தான். நாலரைக்கு ஒன்பது. ஐந்துக்கு ஒன்பது. ஐந்தரைக்கும் ஒன்பது என்றதும் நெஞ்சுக்குள் ஏதோ ஏறத் தொடங்கியது, அதை அவனால் தடுக்க முடியவில்லை.

ஆறு மணிக்கு அவள் கைப்பையோடு வெளியே வந்து, நின்றபடியே திரையைக் குனிந்து பார்த்தாள்.

"எட்டு" என்றாள்.

"இப்பத்தான். ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"போயிட்டாரா?"

"போயிட்டார்."

அவள் லேப்டாப்பை அவன் மடியிலிருந்து எடுத்து மூடி, அவன் பையில் வைத்து, ஜிப்பை இழுத்துவிட்டாள். பஸ் ஆறே காலுக்கு.