மார்பளவு ஓட்ஸ்

சாக்சனி நாட்டு டோர்காவ் ஊரின் அரண்மனை லாயத்தில் யோப்ஸ்ட் சேர்ந்தபோது அவனுக்கு வயது பதினான்கு, இப்போது நாற்பத்தொன்று. இந்த இருபத்தேழு ஆண்டுகளில் அவன் கைபட்டுப் பிறந்த குட்டிகள் அறுபத்துமூன்று. அவற்றில் கோமகனின் சவாரிக்குத் தேறியவை நான்கே நான்கு. நான்காவது ராபே. கரிய நிறம், ஆறு வயது, வலது பின்னங்காலில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு.

அந்த ஆண்டு தவக்காலத்தில் எல்பே ஆற்றோர ஊர்களில் கொள்ளைநோய் பரவியது. யோப்ஸ்டின் மனைவி வால்பூர்க் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தாள். மகள் அதே வாரம் வெள்ளிக்கிழமை. இரண்டு குழிகளையும் அவனே வெட்டினான். சனிக்கிழமை காலை லாயத்துக்கு வந்து வழக்கம்போல் சாணம் அள்ளினான். யாராவது ஆறுதல் சொன்னால் தலையசைத்தான். அழுகை வரவில்லை. வருமா என்று சில நாட்கள் காத்திருந்தும் பார்த்தான். பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டான். கருப்பு ரொட்டி வாயில் மண்போல் இருந்தது. அதை மென்று விழுங்கினான்.

ஈஸ்டர் கழிந்த வாரம் லாயத் தலைவர் வுல்ஃபர்ட் அவனைக் கூப்பிட்டார்.

"இலையுதிர் காலத்துல ஆகன் நகரத்துல முடிசூட்டு. நம்ம கோமகன் ஓட்ஸ் அள்ளணும். ராபேயைத் தயார் பண்ணு."

அதன் பொருள் லாயத்தில் எல்லோருக்கும் தெரியும். புதிய அரசர் முடிசூடும் நாளில் நாட்டின் பெரும்பிரபுக்கள் ஆளுக்கொரு வேலைக்காரராகிவிடுவார்கள். ஒருவர் அரசர் கைகழுவத் தண்ணீர் ஏந்துவார். ஒருவர் இறைச்சித் தட்டுச் சுமப்பார். ஒருவர் மதுக்கிண்ணம் நீட்டுவார். சாக்சனிக் கோமகனோ பேரரசின் தலைமை லாயக்காரர். சந்தைத் திடலில் குதிரையின் மார்பளவுக்கு ஓட்ஸ் குவித்திருப்பார்கள். அதற்குள் குதிரையைச் செலுத்தி, வெள்ளி மரக்காலில் ஓர் அளவு அள்ளி, வெள்ளிக்கோலால் தலைதட்டி, அரசரின் குதிரைகளுக்கென்று அவர் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் இறங்கிவிடுவார். மரக்காலும் கோலும் ஏறிவந்த குதிரையும் பரம்பரைத் துணை லாயத்தாரான பிராங்கோனியப் பிரபுவின் வீட்டுக்குச் சொந்தமாகிவிடும். சாசனத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. அப்படிப் போன குதிரை எதுவும் திரும்பி வந்ததில்லை.

"வேற குதிரை வச்சா ஆகாதாங்கய்யா?" என்று யோப்ஸ்ட் கேட்டான்.

"எதை வைக்க? அந்தச் செவலையையா? அது தீனியக் கண்டா கழுத்துவரைக்கும் முகத்தப் புதைச்சுக்கும். கோமகன் சறுக்கி ஓட்ஸுக்குள்ள தலைகீழா விழட்டும்ங்கறியா?"

"இல்லீங்க."

"அப்ப போய் வேலையப் பாரு." வுல்ஃபர்ட் ஒரு கணம் தயங்கினார். "ஏன்டா, வருத்தமா இருக்கா?"

"தெரியலீங்க" என்றான். உண்மையிலேயே தெரியவில்லை.

பசியோடு தீனிக்குள் நிற்கும் குதிரை தலை தாழ்த்தக் கூடாது. பயிற்சியின் சிரமம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில்தான். யோப்ஸ்ட் அதைப் படிப்படியாகக் கட்டினான். மூன்று வாரம் மணற்குவியல், மூன்று வாரம் மரத்தூள், ஒரு மாதம் உமி. அதன் பிறகே ஓட்ஸ். குவியலில் கிடப்பது உணவல்ல, தொட்டியில் கிடப்பதும் உணவல்ல என்று ராபேக்குப் பழக்கினான். முதலில் அவன் உள்ளங்கையில் ஒரு பிடி. கூடவே பிடரிக்குக் கீழே விரல் முட்டியால் இரண்டு தட்டு. அதன் பிறகே தொட்டி. ஆகஸ்டு முடிவதற்குள், ஒரு நாள் முழுவதும் பட்டினி கிடந்தாலும், அந்த இரண்டு தட்டு விழாமல் ராபே ஒரு மணியைக்கூட முகர்வதில்லை. லாயத்தில் மற்றவர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். மாலையில் யோப்ஸ்ட் வீட்டுக்குப் போகாமல் ராபேயின் கொட்டடியிலேயே வைக்கோல் விரித்துப் படுத்தான். வீட்டில் ஆளில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருந்ததாக அவன் நினைக்கவில்லை.

ஆகனுக்கு இருபத்துமூன்று நாள் பயணம். முடிசூட்டு நாளில் சந்தைத் திடலில் நிற்க இடமில்லை. எக்காளம் முழங்க, கோமகன் ராபேயைக் குவியலுக்குள் செலுத்தினார். யோப்ஸ்ட் கயிற்றுக்குப் பின்னால் நின்று ராபேயின் காதுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். ஓட்ஸ் அதன் மார்பில் மோதிச் சரிந்தது. தலை தாழவில்லை. மரக்கால் நிறைந்தது, கோல் வழித்தது, கூட்டம் ஆர்ப்பரித்தது. கோமகன் இறங்கினார். பிராங்கோனிய வீட்டு லாயக்காரன் ஒருவன் வந்து கடிவாளத்தைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். அடுத்த நொடியே ஊர் ஜனம் தொப்பியிலும் பாவாடை மடியிலும் அள்ளிக்கொள்ளக் குவியல்மேல் விழுந்தது. அந்த லாயக்காரனிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. யோப்ஸ்டின் வாய் திறக்கவில்லை. கூட்டம் இடித்துத் தள்ளிய பக்கமெல்லாம் நகர்ந்து விடுதிக்கு வந்துசேர்ந்தான்.

மூன்றாம் நாள் நண்பகலில் அதே லாயக்காரன் விடுதி முற்றத்துக்கு வந்தான். பெயர் எண்ட்ரெஸ், முப்பது வயதிருக்கும், முன்பல் ஒன்று இல்லை.

"அண்ணே, ராபே உங்க கையில வளந்தவனாமே? ஆளு பட்டினி கெடக்கான்."

யோப்ஸ்ட் கையிலிருந்த சேணத்தைக் கீழே வைத்தான்.

"தொட்டி நெறைய ஓட்ஸ் கொட்றேன். தவசி மாதிரி தலையத் தூக்கிட்டு நிக்கிறான். கொஞ்சம் புல்லு கொறிக்கிறான், அவ்வளவுதான். காலையில எங்க பிரபு பாத்துட்டு, 'சாக்சனிக்காரங்க நோஞ்சானை நம்ம தலையில கட்டிட்டாங்க, நாளைக்கும் திங்கலைன்னா தோல் உரிக்கிறவனுக்குக் குடுத்துடு'ன்னுட்டாரு."

பயிற்சி கொடுத்த ஐந்து மாதமும் யோப்ஸ்ட் நினைத்ததெல்லாம் குவியல்வரைக்கும்தான். அதற்கு மறுநாள் என்று ஒரு நாள் வரும் என்பதை அவன் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

இருவரும் பிராங்கோனியர்களின் லாயத்துக்கு நடந்தார்கள். யோப்ஸ்டின் காலடி கேட்டதுமே ராபே தாழ்ந்த குரலில் கனைத்தது. விலா எலும்புகள் தெரிந்தன. அவன் ஒரு பிடி ஓட்ஸை உள்ளங்கையில் நீட்டி, பிடரிக்குக் கீழே தட்டினான். ராபே தின்றது, பிறகு தொட்டிக்குள் முகத்தை விட்டது. பட்டினி வயிற்றுக்கு ஒரேயடியாகக் கொடுக்கக் கூடாதென்று, நான்கு வாய் தின்றதும் அவன் தொட்டியை நகர்த்தி வைத்தான்.

எண்ட்ரெஸ் வாயைப் பிளந்தான். "யோவ், என்னய்யா மந்திரம் போட்டே?"

"பழக்கம்."

எண்ட்ரெஸ் வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அண்ணே, ஒண்ணு சொல்லட்டா? எனக்கு இதச் சொல்லிக் குடுக்காதீங்க. இந்த ஆளு இல்லாட்டி குதிரை திங்காதுன்னு பிரபுகிட்ட நான் சொல்றேன். உங்களையும் சேத்துக் கேட்டு வாங்கிடுவாரு. எங்க ஊரு பியர் உங்க ஊரு மாதிரி கழுநீர் இல்ல. நல்ல பொண்ணா பாத்துக் கட்டியும் வச்சுடறோம். என்ன?"

கல்யாணப் பேச்சைக் கேட்டும் யோப்ஸ்டின் முகம் மாறவில்லை. "எங்க தலைவரக் கேக்கணும்" என்றான்.

மதிய உணவுக்கு உட்கார்ந்திருந்த வுல்ஃபர்ட் மீன் முள்ளைத் துப்பிவிட்டுக் கேட்டார். "சாசனத்துல குதிரை இருக்கு. மரக்கால் இருக்கு. கோல் இருக்கு. லாயக்காரன் எங்கடா இருக்கான்?"

"இல்லீங்க."

"அவங்க பிரபு கேட்டா நம்ம கோமகன் குடுத்துடுவாருன்னு நெனைக்கிறியா? அடுத்த தடவை சமையக்காரனையும் கேப்பானுங்க. விடிஞ்சதும் கெளம்பறோம். குதிரை தின்னா என்ன, செத்தா என்ன? இனிமே அது அவனுங்க பாடு."

யோப்ஸ்ட் எதிரே வைத்த கிண்ணத்தைத் தொடாமல் எழுந்தான். திரும்பிப் போகும் வழியில் அவன் யோசித்தது ஒன்றே ஒன்று. சொல்லிக் கொடுக்காமல் புறப்பட்டுவிட்டால், பிராங்கோனியப் பிரபு பின்னாலேயே ஆள் அனுப்பிக் கேட்கக்கூடும். கேட்காமலும் போகக்கூடும். தோல் உரிப்பவன் வீடு ஊர்க் கோட்டைவாசலுக்கு வெளியேதான் இருந்தது. வரும்போது அந்த நாற்றத்தைக் கடந்துதான் வந்திருந்தார்கள்.

"கையக் குடு" என்றான் எண்ட்ரெஸிடம்.

"என்னண்ணே, வேணாம்னுட்டாரா?"

"கையக் குடு."

எண்ட்ரெஸின் கையைப் பிடித்து விரல்களை மடக்கி, முட்டி எங்கே விழ வேண்டும், எவ்வளவு அழுத்தமாக விழ வேண்டும் என்று ராபேயின் கழுத்தில் வைத்துக் காட்டினான். தவக்காலத்துக்குப் பிறகு அவன் பற்றிய முதல் மனிதக் கை அது. வெதுவெதுப்பாக, வியர்வையோடு இருந்தது. அவன் உடனே விட்டுவிட்டான். தட்டு சரியாக விழாததால் மறுபடியும் பிடிக்க வேண்டியிருந்தது.

ராபே எண்ட்ரெஸின் உள்ளங்கையைச் சட்டை செய்யவில்லை. யோப்ஸ்டையே பார்த்தது. அவன் கொட்டடிக்கு வெளியே போய் மறைவில் நின்றான். ஆறு முறை தோற்றார்கள்.

"தின்னுடா என் ராசா" என்று எண்ட்ரெஸ் உள்ளே கெஞ்சுவது கேட்டது. "மூணு நாளா உன்னால எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா? சைத்தானே, தின்னு!"

மாதா கோயிலில் மாலை மணி அடித்தபோது பேச்சு நின்றது. பற்கள் அரைபடும் ஓசை வந்தது.

யோப்ஸ்ட் கதவோரம் வந்து எட்டிப் பார்த்தான். ராபே எண்ட்ரெஸின் கையை நக்கி முடித்துவிட்டுத் தொட்டிக்குள் தலையை விட்டிருந்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. அவ்வளவு பசி.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே. முட்டைக்கோஸ் சூப் இருக்கு" என்றான் எண்ட்ரெஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"விடியக்காலையில கெளம்பணும்" என்றான் யோப்ஸ்ட். ஆனாலும் தொட்டியின் அடிப்பலகை தெரியும்வரை அங்கேயே நின்றான்.