எங்கள் பெயருக்கு ஒரு கேள்விக்குறி

ராயபுரத்தில் மர்ஃபி என்ற குடும்பப் பெயரோடு வளர்ந்தவள் நான். பள்ளிக்கூடம், வேலைக்குப் போன இடம், வாடகைக்கு வீடு கேட்ட தெரு, எங்கே போனாலும் ஒரே கேள்வி: "அது பழைய ரேடியோ பேராச்சே, உங்களுக்கு எப்படி வந்துச்சு?" என் நிறத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கேட்பார்கள்.

அப்பாவின் தாத்தா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இரும்படித்தவர். அவருக்கே அந்தப் பெயர்தான். அதற்கு முந்திய கதை எங்களில் யாருக்கும் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் அயர்லாந்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார். அவரும் மர்ஃபிதான். உலகம் முழுக்க இருக்கும் மர்ஃபிகளைத் தேடி வம்ச மரம் வரைந்துகொண்டிருந்தார். எங்களைப் பற்றி சர்ச்சில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வாசலில் அப்பா கைகுலுக்கினார். வந்தவரின் பார்வை அப்பாவைத் தாண்டி உள்ளே போனது, வேறு யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோல.

உட்கார்ந்ததும் பெயரின் கதையைச் சொன்னார். அவர்கள் மொழியில் அது 'ஓ முரஹு'. கடலில் போர் செய்தவனின் வம்சம் என்று அர்த்தம். 'ஓ' என்றால் பேரன். இங்கிலீஷ்காரன் ஆட்சியில் பலர் அந்த 'ஓ'வை விட்டுவிட்டார்கள். மிச்சம் இங்கிலீஷ் வாயில் மர்ஃபி ஆகிவிட்டது. நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"கடல்ல சண்ட போட்டவனா? அப்ப காசிமேட்டு மீனவங்கள்ல பாதி பேருக்கு இந்தப் பேரு வெக்கலாமே" என்று அப்பா சிரித்தார். நான் இங்கிலீஷில் சொன்னதும் வந்தவரும் சிரித்தார்.

பிறகு பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் அப்பா எச்சில் துப்பிக் கொடுத்தால் போதுமாம். உங்களுக்கு ஐரிஷ் ரத்தம் உண்டா, இல்லை வீட்டு வேலைக்காரர் எஜமானின் பெயரை வைத்துக்கொண்டாரா என்று சோதனையில் தெரிந்துவிடும் என்றார். மென்மையாகத்தான் சொன்னார். ஒரு வார்த்தை விடாமல் அதையும் அப்பாவிடம் சொன்னேன்.

அப்பா குழாயை அவர் பக்கமே நகர்த்தினார்.

"அவங்க பேர இங்கிலீஷ்காரன் வெட்டுனானே, அப்ப யாருனா எச்சி எடுத்துப் பாத்தாங்களா? வேலக்காரன் வெச்சிக்கினதாவே இருக்கட்டும். இந்தப் பேர்லதான் எங்க தாத்தா இரும்படிச்சாரு. நான் ஹார்பர்ல கிரேன் ஓட்னேன். செத்தவங்கள இந்தப் பேர்லதான் பொதைச்சோம். இது எங்க பேரு. சொல்லும்மா அவருக்கு."

சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது. குழாயைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா பரிமாறிய வஞ்சிர மீன் வறுவலை மட்டும் மறுக்காமல் சாப்பிட்டார்.

சில மாதங்கள் கழித்து மரத்தின் படம் மெயிலில் வந்தது. ஓர் ஓரத்தில், புள்ளிக்கோட்டில், கேள்விக்குறியோடு நாங்கள். கேள்விக்குறியை எடுங்கள், இல்லையென்றால் எங்களை எடுத்துவிடுங்கள் என்று பதில் போட்டேன். அவர் எங்களை எடுத்துவிட்டார்.

"போவட்டும். நாம இன்னா அவரு மரத்துலயா குடியிருக்கோம்?" என்றார் அப்பா.

அந்த வருடம் என் மகளைப் பள்ளியில் சேர்த்தோம். இனிஷியல் மட்டும் போதும், குடும்பப் பெயர் எதற்கு என்றார் அங்கே அட்மிஷன் எழுதிய பெண்மணி. மர்ஃபி என்று முழுதாக எழுதும்வரை நான் அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை.