முத்தின் துளைக்குள் ஒரு கோடு

முத்தை முன்பல்லில் லேசாக உரசினால் மெல்லிய மணல் கடிபடுவதுபோல் நறநறக்கும். பிளாஸ்டிக் மணியோ வழுக்கிக்கொண்டு போகும். பிரேசர் டவுனில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், நகைக்கடை முத்துகளை வாங்கிவந்து மாலையாகக் கோத்துக் கொடுப்பதுதான் அம்மாவின் வேலை என்பதால், பத்து வயதிலேயே எனக்கு அந்த ‘நறநற’ பழக்கம்.

ஒரு கோடை விடுமுறையில் கடைக்காரர் அம்மாவை அவசரமாக அழைத்தார். நானும் கூடப் போனேன். அம்மா புது நூலில் கோத்துக் கொடுத்திருந்த மாலையைப் பிடித்தபடி ஒரு பெண்மணி, ‘மோசா, மோசா’, ஏமாற்று வேலை என்று கன்னடத்தில் கொதித்துக்கொண்டிருந்தார். தான் கொடுத்தது கடல் முத்து, வந்திருப்பது மங்கலான ஆற்று முத்து, கோத்தவள்தான் மாற்றிவிட்டாள் என்பது அவர் புகார். கடைக்காரர் பல்லில் உரசி, “அசல்தாங்க,” என்றார். ஆனால் கடல் முத்தும் அசல், ஆற்று முத்தும் அசல், இரண்டுமே நறநறக்கும்.

“போலீஸைக் கூப்பிடட்டுமா?” என்று அந்தப் பெண்மணி கேட்டதும் நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். அம்மா அசையவில்லை.

“கூப்பிடுங்க மேடம். அதுக்கு முன்னாடி லென்ஸ்ல ஒருதரம் பாருங்க,” என்று நூலை அறுத்து ஒரு முத்தை நீட்டினார். “துளைக்குள்ள ஓரமா ஒரு கோடு தெரியுதா? கடல் சிப்பிக்குள்ள சின்ன உருண்டை ஒண்ண வெச்சிடுவாங்க. சிப்பி அது மேல தன் மினுமினுப்பப் பூசிக்கிட்டே இருக்கும். கோட்டுக்கு உள்ள உருண்டை, வெளிய பூச்சு. தானா விளையறது எப்பவோ ஒண்ணுதான்.”

பிறகு கடையிலிருந்த ஓர் ஆற்று முத்தைக் கொடுத்தார். “இதுக்கு உருண்டை வெக்கல, சிப்பியோட சதைத் துணுக்குதான் வெச்சாங்க. அதான் முழுக்கப் பூச்சு, கோடே இல்ல. உங்களது மங்கினது சென்ட் பட்டு, மேடம். நான் மாத்தல.”

அந்தப் பெண்மணி இரண்டையும் மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், “தப்பா பேசிட்டேன்மா,” என்று தமிழில் சொன்னார்.

அதுவரை கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றே முத்து வாங்கிவந்த அம்மாவுக்கு, அன்று கடைக்காரர் உள்ளே நாற்காலி போட்டார். அம்மா அதில் உட்கார்ந்து, ஒவ்வொரு முத்துக்கும் நடுவே முடிச்சிட்டு, அந்த மாலையை எல்லோர் கண்ணெதிரிலும் மறுபடி கோத்தார். அந்த ஜூனில் பள்ளிப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில், ‘முத்து நிபுணர்’ என்று எழுதினேன். டீச்சர் சிரித்தார்; நான் திருத்தவில்லை.

இன்று அந்தக் கடை இல்லை. அங்கே செல்போன் விற்கிறார்கள். இப்போது ஆய்வகங்களில் முத்துகளை எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழே தருகிறார்கள் என்பதால், எந்தக் கோப்பவளும் அப்படி நின்று தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. அது ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். நிற்க வேண்டிவந்தபோது அம்மா எப்படி நின்றார் என்பதை, பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.