தரைத்தளம் யாருக்கு?

போன வாரம் முழுக்க எனக்கு அடுப்படி வேலையே ஓடவில்லை. ஒரு குழிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்!

எங்கள் தீவில், ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு மேலே இருந்த எங்கள் பழைய லைன் வீடுகளை இடித்தாயிற்று. அடுக்குமாடி வரப்போகிறது. அதற்கு முன்னால் தொல்லியல்காரர்கள் கொல்லைப்புறத்தைத் தோண்டிப் பார்க்கிறார்கள். புதுக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் மிச்சம் இருப்பதோ ஒரே வீடு. 'எந்தக் குடும்பம் முதலில் வந்ததோ அதற்கு' என்று லைன்காரர்கள் பேசி முடித்துவிட்டார்கள்.

யார் முதலில் வந்தது? நாங்கள் என்கிறேன் நான். தாங்கள் என்கிறாள் பக்கத்து வீட்டு வங்காளக்காரி சாந்தி. அவளும் ஒரு நாற்காலியோடு வந்துவிட்டாள்.

"எங்க மாமனார் கப்பல்ல வந்து இறங்கையில இங்க வெறும் காடு" என்றேன்.

"அரே மேரி தீதி, அந்தக் காட்டை வெட்டினதே என் சசுர்ஜிதான்!" என்று அவளும் தன் மாமனாரை இழுத்தாள்.

முதலில் கிடைத்தது நீலப்பூ போட்ட பீங்கான் துண்டு. "தேகோ, தேகோ! எங்க வீட்டுத் தட்டு!" சாந்திக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கு முகம் செத்துப்போயிற்று.

இன்னும் தோண்டினார்கள். கீழே... சிப்பி! மழையில் கால் சேற்றில் புதையாமல் இருக்க, தின்ற சிப்பியைக் கொல்லை வாசலில் கொட்டி மிதித்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சாந்தி வீட்டில் சிப்பியைத் தொடவே மாட்டார்கள்.

"ஏட்டி சாந்தி, நல்லாப் பாத்துக்கோ! உன் தட்டுக்குக் கீழ என் சிப்பி!"

தோண்டுகிற பெண், மெயின்லேண்ட் பிள்ளை, நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உங்களோடது இல்லம்மா. தட்டுக்கும் சிப்பிக்கும் நடுவுல வெறும் கறுப்பு மண் எவ்வளவு கிடக்கு பாருங்க. சிப்பியோட காட்டுப்பன்னி எலும்பு, கையால வனைஞ்ச பானை ஓடு. கப்பல் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முந்தி, இந்தத் தீவுச் சனங்க உக்காந்து சாப்பிட்ட இடம்."

எத்தனை வருஷமாக 'வெறும் காடு' என்று சொல்லியிருக்கிறேன்... அடுத்தவர் அடுப்படியில் நின்றுகொண்டு!

சாந்தி நாற்காலியில் இருந்தபடியே குழிக்குள் எட்டிப் பார்த்தாள். "தீதி, அவங்க வந்து கிரவுண்ட் ஃப்ளோர் கேட்டா?"

"குடுத்துட்டு நாம ரெண்டு பேரும் மாடி ஏற வேண்டியதுதான்."

"மாடியா? இந்தக் குர்சியில இருந்து என்னைத் தூக்கவே ரெண்டு ஆள் வேணும்!"

சிரித்தோம். கேட்டு வர இந்தக் கரையில் அவர்களில் யாரும் மிச்சமில்லை என்பது நினைவுக்கு வந்ததும், சிரிப்பு பாதியில் நின்றது.

அன்று சாயங்காலமே லைன்காரர்களிடம் சொல்லிவிட்டேன் — வீடு சாந்திக்கு. முதலில் வந்தவள் என்பதற்காக இல்லை. படி ஏற முடியாதவள் என்பதற்காக.

எனக்கும் முட்டி வலிதான். அதை அவளிடம் போய்ச் சொல்வேனா, என்ன?