இடுப்பளவு உயர ஜீப்பில் காங்கேசன்துறை வரை

சென்ற மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் என் கணவரும் நானும் சாவகச்சேரியிலிருந்து புறப்பட்டு உடுப்பிட்டி, காங்கேசன்துறை, யாழ்ப்பாணம் என்று ஒரு வட்டம் அடித்துவிட்டு வீடு திரும்பினோம். மொத்தம் எண்பத்தைந்து கிலோமீற்றர் அளவில் வரும். இதெல்லாம் ஒரு பயணமா என்று கேட்பீர்கள். எங்களுக்கு இது கதிர்காமம் போய் வந்ததைவிடப் பெரிது. பதினொரு மாதமாக இவர் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகவில்லை.

இவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர். குடாநாட்டில் இவர் எட்டிப் பார்க்காத தேத்தண்ணிக் கடை குறைவு. மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டாலே வடைத் தட்டுகளுக்கு மூடி வந்துவிடும். ஓய்வுபெற்ற பிறகும் கால் வீட்டில் தரிக்காது. சென்ற வருடம் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது, கையும் ஓரளவு திரும்பியது. இடது கால் மட்டும் இன்னும் சொல்வழி கேட்பதில்லை. பொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார்.

நடையைவிட வாகனத்தில் ஏறி இறங்குவதுதான் பெரும்பாடு. எங்களுடைய சின்னக் கார் நிலத்தோடு ஒட்டிக் கிடக்கும். அதில் இவரை இருத்துவது கஷ்டம், எழுப்புவது அதைவிடக் கஷ்டம். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் யாரோ இரண்டு பேர் கமக்கட்டுக்குள் கை கொடுத்து இவரைத் தூக்கி எடுத்தார்கள். அதில் ஒருவர், "ஐயோ, ஐயா நீங்களோ! என்ரை கடைக்கு எத்தினை தரம் வந்திருக்கிறியள்" என்றார். வீட்டுக்கு வந்ததும் இவர், "இனி என்னைத் தூக்கிறதெண்டால் நான் ஒரு இடமும் வரேல்லை" என்று சொன்னார். சொன்னபடியே நின்றார். கலியாண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் நான் தனியாகப் போய், இவருக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிப் பொய் சொல்லி அலுத்துவிட்டேன்.

வீட்டில் இருந்த மாதங்களில் இவர் கைபேசியில் வாகனங்களைப் பற்றிப் படித்துத் தள்ளினார். வான் வண்டியில் ஏறுவதற்குப் படி உயரம். பெரிய ஜீப்புக்கு ஏணி வைக்க வேண்டும். கடைசியில் இவருடைய தேடல் ஜப்பானிய நடுத்தரச் சொகுசு ஜீப் ஒன்றில் வந்து நின்றது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் கொமிஷன் வாங்கினேன் என்பீர்கள். அதன் பரம்பரைக் கதையைச் சாப்பாட்டு மேசையில் நான் கேட்ட அளவுக்கு யாரும் கேட்டிருக்க முடியாது. முதலில் வந்தது, ஜீப்பின் உயரத்தில் காரின் உடம்பு. அதுவரை ஜீப் என்றால் முதுகை முறிக்கிற சாமான்தான். அடுத்து வந்தது ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பைகளின் மேல் நிற்கும், ஒரு பொத்தானை அழுத்தினால் தானாகத் தாழும். அதற்குப் பிறகு பெற்றோலோடு பற்றறியும் சேர்ந்து ஹைபிரிட் ஆனது, சத்தம் குறைந்தது. பிறகு முகம் கூர்மையாகி, உள்ளே தொலைக்காட்சி அளவில் திரை வந்தது. விளம்பரங்களில் தோல் இருக்கையும் ஸ்பீக்கர்களும் கண்ணாடிக் கூரையும்தான் பேச்சு. இவர் தேடிய ஒன்றை எந்த விளம்பரமும் சொல்லவில்லை. அந்த இருக்கை இவருடைய இடுப்புக்கு நேரே இருக்கிறதா?

ரொறன்ரோவில் இருக்கும் மகன் பாதி விலை தருகிறேன் என்றான். உடுப்பிட்டியில் பாவித்த வாகனங்களை வாங்கி விற்கும் பாலன் என்பவரைப் பிடித்தோம். முதல் சனிக்கிழமை அவர் கொண்டுவந்தது காற்றுப் பை வைத்த பழைய ஜீப். பொத்தானை அழுத்தினார், 'உஸ்' என்று அது தாழ்ந்தது. இவர் முகம் மலர்ந்துவிட்டது. கதவுக்கு முதுகைக் காட்டிப் பின்னால் நகர்ந்து, கால் வெளியே இருக்க இருக்கையில் அமர்ந்தார், உயரம் அளந்து தைத்த மாதிரி. ஆனால் முன்பக்கம் பார்க்கத் திரும்ப வேண்டுமே! பழைய தோல், வியர்வை பட்டதும் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. பாதி வழியில் அசைய முடியவில்லை. பாலன் ஓடிவந்து கை நீட்டினார்.

"தம்பி, தொடாதையும்."

இவர் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு தானாகவே இறங்கி, பொல்லை ஊன்றி உள்ளே போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம் சோறும் சரியாகச் சாப்பிடவில்லை. "அக்கா, என்னட்டை ஹைபிரிட் ஒண்டு கிடக்கு. வாற சனிக்கிழமை அதைக் கொண்டாறன். அண்ணையிட்டை ஒண்டும் சொல்லாதையுங்கோ" என்று பாலன் என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழரைக்கு ஹைபிரிட் வந்து நின்றது. கதவைத் திறந்து பார்த்த எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. ஜப்பானில் போட்டு அனுப்பிய பொலித்தீன் உறை இருக்கைகளில் அப்படியே இருந்தது. கொழும்பில் இறங்கி எட்டு வருடம்! எங்கள் ஊர்க்காரர் கதிரை வாங்கினாலும் மெத்தை வாங்கினாலும் உறையைக் கழற்ற மனம் வராது. சொகுசு வாகனத்துக்கும் அதே கதிதான்.

பாலன் வெட்கப்பட்டார். "முந்தி வைச்சிருந்த ஆக்கள் ஊத்தை படும் எண்டு கழட்டேல்லை அக்கா. இப்ப உரிச்சு விடுறன்."

இதற்குள் இவர் பொல்லோடு வந்து திறந்த கதவுக்கு முதுகு காட்டி நின்றார். யாரும் கூப்பிடவில்லை. பின்னால் தடவிப் பார்த்து அமர்ந்தார். வலது காலைத் தூக்கி உள்ளே வைத்தார், உடம்பைத் திருப்பினார். பொலித்தீன் சரக்கென்று ஒரு சத்தம் போட, வழுக்கிக்கொண்டு முன்பக்கம் பார்க்கத் திரும்பிவிட்டார். இடது காலைக் கையால் தூக்கி வைத்தார். முடிந்தது.

"தம்பி, உந்த உறையை உரிக்காதையும்" என்றார் இவர். "உதுக்குத்தான் நான் காசு தாறது."

நாள் வாடகை முப்பதாயிரம் ரூபா. வாங்கினால் விலையில் கழிப்பதாகப் பேச்சு. நான்தான் ஓட்டினேன். ஏ9 வீதியில் கொடிகாமம் போய், அங்கிருந்து நெல்லியடி ஊடாக உடுப்பிட்டி, ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர். பாலனை அங்கே அவருடைய வீட்டில் இறக்கினோம். பின்னேரம் எங்கள் வீட்டுக்குப் பஸ்ஸில் வந்து வாகனத்தை எடுப்பதாகச் சொன்னார். அப்புறம் நாங்கள் இருவர் மட்டும். வல்வெட்டித்துறையில் கடல் தெரிந்ததும் இவர் கண்ணாடியை இறக்கச் சொன்னார். குளிரூட்டி ஓடுகிறதே என்றேன். "உந்தக் குளிர் வீட்டிலையும் இருக்கு, காத்து எங்கை இருக்கு?" என்றார். பதினொரு மாதத்துக்கு முந்திய மனிதரின் குரல் அது. தொண்டைமானாற்றுப் பாலத்தில் இவருக்காக மெதுவாகப் போனேன்.

அச்சுவேலிச் சந்தையடியில் ஒரு வேடிக்கை. பற்றறியில் ஓடும்போது ஜீப் மூச்சே விடாது. வீதியில் நின்ற மாடு எங்களைக் கவனிக்கவே இல்லை. ஹோர்ன் அடித்துக் கும்பிடாத குறையாக வழி கேட்டோம். சத்தமில்லாத வாகனம் வாங்குகிறவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள். தெல்லிப்பழை வரை இரண்டு பக்கமும் செம்மண் தோட்டம், வெங்காயம். வீதியில் இருந்த ஒவ்வொரு சாப்பாட்டுக் கடைக்கும் இவரிடம் ஒரு வழக்குக் கதை இருந்தது.

காங்கேசன்துறையில் பழைய சீமெந்துத் தொழிற்சாலையைக் கடந்து, ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு மரநிழலில் நிறுத்தினேன். கடற்கரைக்குப் போகும் பாதை பொல்லுக்குத் தோதா, மணல் புதையுமா என்று பார்த்துவர நான் மட்டும் போனேன். "இறங்காதேங்கோ, வந்திடுவன்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் கதவு சாத்தியிருக்கிறது, இருக்கை வெறுமையாக இருக்கிறது.

வாகனத்தைச் சுற்றி ஓடினேன். கீழே குனிந்துகூடப் பார்த்தேன். "இஞ்சேருங்கோ! இஞ்சேருங்கோ!" என்று கத்தியதில் ரயிலுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையைக் காட்டினார்.

உள்ளே இவர் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் பொல்லை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் அவசர அவசரமாக வடைக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஐயா தேத்தண்ணி குடிக்க வந்தவரோ, வழக்குப் போட வந்தவரோ?" என்று அவர் என்னைக் கேட்டார். "பென்சன் எடுத்திட்டார் எண்டெல்லோ கேள்விப்பட்டன்!"

"பென்சன் எனக்குத்தான். வடையிலை மொய்க்கிற இலையானுக்கு இல்லை" என்றார் இவர். பிறகு என்னைப் பார்த்து, "ஏன் உப்பிடி மூச்சு வாங்குறீர்? இரும், தேத்தண்ணி சொல்லியிருக்கு."

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. பதினொரு மாதமாக இவர் எந்தக் கதிரையில் இருக்கிறார் என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் இவரைத் தேட வேண்டி வந்தது. பால் தேத்தண்ணி நூறு ரூபா, வடை எண்பது. வடை நல்ல சூடு.

இப்படி ஒரு வாகனம் பார்ப்பவர்களுக்குச் சில வார்த்தை. விற்பவரிடம் எஞ்சினைக் கேட்பதற்கு முன், ஏறப்போகும் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தி இருக்கையின் உயரத்தைப் பாருங்கள். இடுப்புக்கு நேரே இருந்தால் போதும். காற்றுப் பை வைத்த தலைமுறை அழகாகத் தாழும், ஆனால் பழுதானால் செலவு கடுமை என்று எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் எச்சரித்தார். ஹைபிரிட் வாங்கினால் பற்றறியைச் சோதிக்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். பொலித்தீன் கிடைக்காவிட்டால் வழுவழுப்பான பட்டுத் துணி ஒன்றை விரியுங்கள், ஆனால் வழுக்கும், இருக்கைப் பட்டி போடாமல் ஓட வேண்டாம். எங்களுக்குப் பெற்றோல் ஏழு லீற்றர் அளவில் போனது. காங்கேசன்துறைக்குக் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் நிற்க விடாது.

யாழ்ப்பாணத்தில் மத்தியானச் சாப்பாடு. சாவகச்சேரி வீட்டு முற்றத்தில் ஜீப்பை நிறுத்தியபோது நாலரை மணி. வழமைபோல இறங்கி ஓடி மற்றப் பக்கக் கதவைத் திறக்கப் போனேன். இவர் கை காட்டி மறித்தார்.

"நீர் போம். நான் வாறன்."

"விழுந்திடுவியள்."

"விழுந்தால் கூப்பிடுறன். போய் கேத்தலை வையும்."

உள்ளே போனேன். குசினி யன்னலை எட்டிப் பார்த்தால் முற்றம் முழுவதும் தெரியும். கேத்தலில் தண்ணீர் பிடித்தேன், அடுப்பைப் பற்ற வைத்தேன். வெளியே பொலித்தீன் சரக்கென்றது. பிறகு நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஜீப் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பொல்லுச் சத்தம் கிட்ட வந்தது.