கத்தினால் வேகம் கூட்டுகிறவர்கள்

மருத்துவமனைகளின் படுக்கைவிரிப்புகளை வெளுத்துத் தரும் சலவை ஆலையில் மேற்பார்வையாளருக்கு ‘சவுண்டு’ என்று பெயர். இஸ்திரி உருளைக்குள் துணி விட்டுக்கொண்டிருந்தவரை, மூத்த ஆள் என்பதால் மேலே ஏற்றினார்கள். ஆட்களை நடத்துவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. முன்பு இருந்தவர் கத்தினார், இவரும் கத்தினார். அதுவும் வேலைதான் என்று நம்பினார்.

ஆட்கள் அடிக்கடி நின்றுபோகவே, நிர்வாகம் அவரைப் பயிற்சிக்கு அனுப்பியது. உட்காரவைத்துப் பேசு, குறுக்கே பேசாதே, பதிலுக்குக் காத்திரு. அவர் மண்டையில் தங்கியது இவ்வளவுதான். திரும்பி வந்ததும் உருளையில் நிற்கும் அக்காவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்.

“உட்காருங்கக்கா.”

அந்த ஆலையில் திட்டு வாங்குகிறவர்கள் நின்றுகொண்டு வாங்குவார்கள். அந்த அறையில் உட்காரவைக்கப்பட்டவர்கள் வேலை போனவர்கள் மட்டுமே. பயிற்சி கொடுத்தவருக்கு இது தெரிய நியாயமில்லை. சவுண்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அக்காவுக்குச் சில நாட்களாக வலது கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. கொதிக்கும் உருளைக்கு முன்னால் அந்தக் கையோடுதான் நின்றார். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கேன் சார். நேத்து விரிப்புல சுருக்கம் விழுந்ததுக்கு நான் காரணமில்ல, ஈரம் ஜாஸ்தி.”

பயிற்சியில் சொல்லித் தந்தபடி சவுண்டு குறுக்கே பேசாமல் காத்திருந்தார். அக்காவுக்கு வியர்த்தது.

“கைகால் எல்லாம் கல்லு மாதிரி திடமா இருக்கு சார். போகட்டுமா?”

அக்கா வெளியே வந்ததும் மடிப்பு மேசையில் இருந்தவள் கிசுகிசுத்தாள்: “என்னக்கா, சவுண்டு சவுண்டே விடலை?”

“அதான்டி பயமா இருக்கு. தேன் ஒழுகப் பேசுறாரு. சீட்டு கிழிஞ்சாச்சு.”

தன் திறமையைக் காட்ட வேண்டுமே என்று அன்று மதியம் அக்கா பேய் வேகத்தில் துணி விட்டார். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த சவுண்டு, கையுறை துணியோடு சேர்ந்து உள்ளே போவதைக் கண்டார். அக்காவின் மரத்த விரல்களுக்கு அது தெரியவில்லை.

“அக்கா!” என்று கத்தினார்.

கையை இழுப்பதற்குப் பதில் அக்கா இன்னும் வேகம் கூட்டினார். இத்தனை வருடங்களில் அந்தக் கத்தலுக்கு அங்கே அது ஒன்றுதான் அர்த்தம். சவுண்டு ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அறைந்தார். உருளை நின்றது. கையுறையின் நுனி கருகியிருந்தது, விரல்கள் தப்பின.

“வேகமாத்தானே சார் போட்டேன்?”

சவுண்டு அந்த விரல் நுனிகளை அழுத்திப் பார்த்தார், அக்காவுக்கு உறைக்கவில்லை. சுவரிலிருந்த தொலைபேசி அலறியது. சவுண்டு எடுத்தார். பேசியது மேலாளர்.

“ஏன்யா மெஷின் நிக்குது? லாரி வந்து நிக்குது!”

ஆலை முழுவதும் அவர் வாயையே பார்த்தது.

“நான்தான் நிறுத்தினேன் சார். அக்காவுக்குக் கை சரியில்ல. இனிமே மடிப்பு மேசையில இருப்பாங்க. உருளையில நான் நிக்கறேன். லாரி காத்திருக்கட்டும்.”

“யாரைக் கேட்டு?”

“யாரையும் கேக்கல சார்.”

சவுண்டு தொலைபேசியை வைத்துவிட்டார். அவருடைய வேலை மறுநாள் இருக்குமா என்பது அப்போது யாருக்கும் தெரியாது, அவருக்கும்தான்.

அக்கா கையுறையைக் கழற்றினார்.

“சுண்டுவிரல்தான் மொதல்ல மரக்க ஆரம்பிச்சுது சார்,” என்றார்.