பாம்பை விரட்டினவர் பேர்

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால்காரன் அளக்கும்போது படியின் அடியைத் தடவிப் பார்க்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஷேவ் பண்ணிக்கொண்டு, நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு, "அயர்லாந்து முன்னோரைத் தேடுற வகுப்புக்குப் போறேன்" என்று என் வீட்டுக்காரர் சொன்னால் நான் நம்ப வேண்டுமா? யார்தான் நம்புவார்கள்?

நாங்கள் அப்போது ஜெர்மனியில், பீலெஃபெல்டில் இருந்தோம். அறுபதுகளின் கடைசி. அவருக்குத் தையல் மிஷின் கம்பெனியில் டிராயிங் ஆபீஸ் வேலை. எனக்குச் சமையல், ஜெர்மன் பாஷையோடு மல்லுக்கட்டு, மிச்ச நேரத்தில் இவரைக் கண்காணிக்கிற வேலை. ஊரில் பிரிட்டிஷ் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலை ஒட்டி ஒரு கூடம். அங்கேதான் அந்த வகுப்பு. நடத்தியவர் ரிட்டயரான ஒரு ஐரிஷ் சார்ஜன்ட். ஜெர்மன்காரியைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்ட மனுஷன். பட்டாளத்தில் இருந்த ஐரிஷ் ஆட்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வருவார்கள். கொள்ளுத்தாத்தா எந்தப் பங்குக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினார், எந்த ஊர்க் கோயில் சாமியாருக்கு எப்படிக் கடிதம் எழுதினால் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார் என்றெல்லாம் அவர் சொல்லிக்கொடுப்பாராம். கோயமுத்தூர்க்காரருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

என் மாமனாரின் அப்பா ஒரு ஐரிஷ் சிப்பாய் என்பது அந்த வீட்டில் சொல்லிவந்த கதை. நீலகிரி கண்டோன்மென்ட்டில் இருந்தாராம். மாமனாரின் அம்மாவைக் கோயிலில் முறைப்படி கட்டினாராம். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தென்னாப்பிரிக்காவில் சண்டை என்று கப்பலேற்றினார்களாம். திரும்பவில்லையாம். அந்த அம்மா தனியாகக் கோயமுத்தூருக்கு இறங்கி வந்து, அவளைத் தெரிந்தவர் யாருமில்லாத ஒரு பங்கில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாளாம். எல்லாம் 'ஆம்' போட்ட கதை. எழுத்தில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அந்த ஞானஸ்நானப் பதிவு. அதில் தகப்பன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'சொல்லப்படவில்லை' என்று எழுதியிருந்தது.

அந்த ஒரு வார்த்தை மாமனாரை ஆயுசு முழுக்க அடித்தது. பள்ளிக்கூடத்தில் அடித்தது, ரயில்வே வேலைக்கு மனுப் போட்டபோது அடித்தது, பெண் கேட்டுப் போன வீடுகளில் அடித்தது. அவர் அம்மாவிடமே கேட்டிருக்கிறார். "கட்டினாரா, இல்லையா?" "கட்டினார்." "அப்ப பேரைச் சொல்லு." அதற்கு மட்டும் ஒழுங்கான பதில் வராது. பதினேழு வயதில் அம்மாவோடு பேச்சை நிறுத்தினவர், அவள் செத்தபோது மண் போடக்கூடப் போகவில்லை. இப்போது நெஞ்சுவலி வந்து படுத்ததும் மகனுக்கு எழுதியிருந்தார்: "எங்கம்மா கல்யாணம் ஆனவளா இல்லையா, அது தெரிஞ்சா போதும். அது தெரியாம என்னைப் புதைச்சிராதீங்க."

அந்தக் கடிதம் வந்த மறுவாரமே இவர் வகுப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இரக்கப்பட வேண்டிய விஷயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த ஐரிஷ் சிப்பாய்மேலேயே நம்பிக்கை கிடையாது. காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் அடுப்படியில் வைத்து மாமியார் எனக்கு மட்டும் ஒன்று சொல்லியிருந்தார். "உங்க மாமாவுக்குப் பள்ளிக்கூடத்துல 'பாம்பாட்டி மகன்'னு பட்டப்பேரு. ஏன் தெரியுமா? அப்பன் பேர் என்னன்னு கேட்டா அவங்கம்மா 'பாம்பை விரட்டின சாமி பேரு'ன்னுதான் சொல்லுவாங்களாம். இவரு போய்க் கோயில்ல வேதம் சொல்லித்தர்ற உபதேசியாரைக் கேட்டிருக்காரு. 'பாம்பை மிதிக்கிறது மாதா. உங்கப்பன் என்ன பொம்பளையாடா'ன்னு அவரு துரத்திவிட்டாராம். அன்னைக்குப் பிடிச்ச பேரு, போகவே இல்லை." சொல்லிவிட்டு, "உன் புருஷன்கிட்ட மூச்சு விட்றாதே, அவனுக்குப் பட்டப்பேர் தெரியும், காரணம் தெரியாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

எனக்கு அப்போதே மூக்கில் வேர்த்தது. அயர்லாந்தாவது மண்ணாவது! மகுடி ஊதிக்கொண்டு தெருவோடு போன எவனோ ஒருத்தன். அதை மறைக்கப் பட்டாளம், கப்பல், சண்டை என்று அந்த அம்மா ரீல் விட்டிருக்கிறாள். மாமனார் கொஞ்சம் சிவப்பு, கண் கொஞ்சம் பூனைக்கண், அது கதைக்கு வசதியாகப் போயிற்று. இப்படித்தான் நான் பத்து வருஷமாக முடிவுகட்டி வைத்திருந்தேன்.

கீழ்வீட்டில் ஒரு ஜெர்மன் அம்மாள் இருந்தாள், விதவை. படிக்கட்டைக் கழுவுகிற முறை வரும்போதெல்லாம் பேசுவோம். வகுப்பைப் பற்றிச் சொன்னேன். துடைப்பத்தை அப்படியே நிறுத்திவிட்டாள். "பாட்டி தாத்தாவுடைய ஞானஸ்நானப் பேப்பரா? யார் கேட்கிறார்கள்?" என்றாள். போருக்கு முந்தின அந்த ஆட்சியில், வம்சத்தில் யாரும் யூதர் இல்லை என்று நிரூபிக்க எல்லோரும் அதைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்ததாம். அவளும் பங்கு பங்காக எழுதிப்போட்டு வாங்கினாளாம். அவள் வேலை செய்த கடையில் கணக்கு எழுதிய பெண்ணால் ஒரு பாட்டியின் பேப்பரைக் கொண்டுவர முடியவில்லையாம். "அடுத்த மாதம் அந்த நாற்காலி காலி" என்றாள். "கவனமாக இருங்கள். பாட்டி யார் என்று கேட்கிறவன் நல்லதுக்குக் கேட்கமாட்டான்."

போதாதா எனக்கு? அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அந்த சார்ஜன்ட் இவரிடம் வம்சாவளி முழுவதையும் எழுதி வாங்கியிருந்தார். எதற்கு? இவர் வீட்டுக்கு வரும்போது சட்டையில் சுருட்டு நாற்றம், வாயில் சீட்டி. எதற்கு? அயர்லாந்து தபால்தலை ஒட்டி ஒரு கடிதம் வந்தது, மேலே சுழித்துச் சுழித்துப் பெண்பிள்ளைக் கையெழுத்து. பிரிக்காமல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். சாயங்காலம் இவரே பிரித்துக் காட்டினார். ஏதோ ஒரு பங்குச் சாமியார் வீட்டில் சமைக்கிற அம்மாள், "பேர் இல்லாமல் எங்கள் ஏட்டில் எதையும் தேட முடியாது, மன்னிக்கவும்" என்று எழுதியிருந்தாள். எல்லா இடத்திலிருந்தும் அதே பதில்தான். கண்டோன்மென்ட் கோயிலின் கல்யாணப் பதிவேட்டுக்கும் மாப்பிள்ளை பேரை வைத்துத்தான் அட்டவணையாம். மாப்பிள்ளை பேர் என்ன? அதுதானே தெரியவில்லை!

"விட்டுத் தொலைங்களேன்" என்றேன்.

"அப்பா செத்துப்போற வரைக்குமாவது தேடுறேன்" என்றார். எனக்குச் சந்தேகம் மட்டும் தீரவில்லை.

மார்ச் மாதத்தில் அந்தக் கூடத்தில் பெரிய கூட்டம் ஒன்று வைத்தார்கள். வேறு ஊர் முகாம்களிலிருந்தும் ஐரிஷ் ஆட்கள் வருகிறார்கள், அயர்லாந்து மாவட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேஜை போட்டு வரைபடம் விரித்து வைப்பார்கள், ஒரே ஊர்க்காரர்கள் உட்கார்ந்து சொந்தம் விசாரித்துக்கொள்வார்கள் என்றார் இவர். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாததே போதுமே! அவர் போய் ஒரு மணி நேரம் கழித்து, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறிப் பின்னாலேயே போனேன்.

கூடம் நிரம்பி வழிந்தது. இவர் தூரத்தில் ஒரு மேஜையில், வெள்ளைத் தலை கிழவிகள் நாலு பேருக்கு நடுவில், தட்டில் கேக்கோடு உட்கார்ந்திருந்தார். இதற்கா நான் மழையில் வந்தேன் என்று எனக்கே சப்பென்று ஆகிவிட்டது. திரும்பிவிடலாம் என்றால் வாசலில் படிவத்தோடு சார்ஜன்ட் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் யார், எந்தக் குடும்பம் என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. உங்க வீட்டுக்காரர் பேர்?"

எனக்கு வாய் வரவில்லை. ஜெர்மன் ஆபீஸ்களில் அவர் பேரை ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன். எழுதுவதில் எனக்கு ஒன்றுமில்லை. வாயால் சொன்னது கிடையாது. என் அம்மா அப்பா பேரைச் சொன்னதில்லை, அவளுடைய அம்மாவும் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்த நாக்கு, மழைக்கோட்டு மாட்டியதற்காக மாறிவிடுமா? மென்று முழுங்கிக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.

சார்ஜன்ட் நல்ல மனுஷன். நான் ஏதோ சங்கடத்தில் இருக்கிறேன் என்று புரிந்துகொண்டு, தலையை ஆட்டி, அந்தக் கட்டத்தில் எழுத ஆரம்பித்தார். நான் தலைகீழாகப் படித்தேன். 'சொல்லப்படவில்லை.'

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. அதே வார்த்தை. எழுபது வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒருத்தி, கைக்குழந்தையோடு, தெரிந்த ஆள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லாமல், இப்படித்தானே நின்றிருப்பாள்? சண்டைக்குப் போன புருஷன். அவன் பேரைச் சொல்லி ஆயுசைக் குறைப்பாளா?

"நில்லுங்க, எழுதாதீங்க" என்று கத்தியேவிட்டேன். "தெரியாம இல்லை. நாங்க வாயால சொல்லக்கூடாது. சாடையா சொல்லுவோம். காணாமப்போன சாமானைத் தேடிக் கொடுக்கிற புனிதர் இருக்காரே, அவர் பேருதான்."

சார்ஜன்ட் சிரித்துவிட்டார். கத்தோலிக்கருக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? டக்கென்று சரியாக எழுதினார். அவர் எழுதுகிறபோதே மாமியார் அடுப்படியில் சொன்னது ஞாபகம் வந்தது. மாமியாருக்குக் கொடுத்த சத்தியமாவது ஒன்றாவது! மெதுவாகக் கேட்டேன்.

"பாம்பை விரட்டின புனிதர்னு யாராவது உண்டா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். சார்ஜன்ட் பேனாவால் சுவரைக் காட்டினார். பச்சை அங்கி போட்ட ஒரு புனிதர், கையில் கோல், காலடியில் பாம்புகள் ஓடுகின்றன. "எங்க நாட்டுக்கே அவர்தானேம்மா பாதுகாவலர்! இந்தக் கூட்டமே அவர் திருநாளுக்குத்தான். இங்கே கல்லை விட்டெறிந்தால் அந்தப் பேர்க்காரன் ஒருவன்மேல்தான் விழும்" என்றார். ஐரிஷ்காரர் பத்துப் பேருக்குத் தெரிந்ததைக் கோயமுத்தூர் உபதேசியார் பாவம் எங்கே கண்டார்?

நான் அழுதேன். அவ்வளவு பேருக்கு நடுவில், வெட்கமில்லாமல். இவர் கேக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்து, "ஏய், என்னாச்சு, யார் என்ன சொன்னா?" என்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாடையாகச் சொன்ன அந்த அம்மாவை நாங்கள் யாரும் நம்பவில்லை, அதுதான் ஆனது.

பேர் கிடைத்ததும் மளமளவென்று நடந்தது. சார்ஜன்ட் தாமே உட்கார்ந்து நீலகிரிக் கோயிலுக்குக் கடிதம் எழுதினார். மூன்று மாதம் கழித்து முத்திரை போட்ட நகல் வந்தது. அப்போதும் நான் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தேன், புத்தி போகுமா? சந்தேகப்பட ஒன்றுமில்லை. பட்டாளத்துப் பேண்ட் வாத்தியக்காரர் இரண்டு பேர் சாட்சி. மாமனார் பிறப்பதற்கு ஒரு வருஷத்துக்கும் முந்தின தேதி. மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டிருந்தார், பாம்பை விரட்டினவர் பேரேதான். பெண் பேர் மாமனாரின் அம்மா பேரேதான், அவளுக்கு எழுதத் தெரியாது. சிலுவைக் குறி ஒன்று கீறியிருந்தாள்.

கீழ்வீட்டு அம்மாளிடம் அந்த நகலைக் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "நல்லது சொல்கிற பேப்பரும் இருக்கிறதா!" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டைக் கழுவப் போனாள்.

நகலை மாமனாருக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினோம். கல்யாணச் செய்தியை இவர் எழுதினார். நான் தனியாக ஒரு தாள் எழுதி உள்ளே வைத்தேன், அந்த அம்மா ஏன் வாய் திறக்கவில்லை என்று, நான் வாசலில் நின்ற கதையோடு. கூடவே, பத்து வருஷமாக அவளை என்னவெல்லாம் நினைத்தேன் என்பதையும் எழுதி மன்னிப்புக் கேட்டேன்.

பதில் எனக்கே வந்தது. அதுவரை அவர் என் பேருக்கு ஒரு வரி எழுதினதில்லை.

"மருமகளே, நான் கேட்டப்ப எல்லாம் எங்கம்மா சொல்லிக்கிட்டுத்தான் இருந்திருக்கா. நான்தான் காது கேக்காதவனா இருந்துட்டேன். நேத்து ரிக்‌ஷா வெச்சுக்கிட்டுக் கல்லறைக்குப் போனேன். வெறும் மண்ணு. கல்லு வைக்கலை, பேர் போடலை. நான் போடலை. இப்ப கல்லு சொல்லியிருக்கேன். 'இன்னாருடைய மனைவி'ன்னு வெட்டணும்னு எனக்கு ஆசை. ஆனா கல்தச்சர்கிட்ட எழுதிக் கொடுக்கப் போனா கை ஓடலை. உசுரு போற வரைக்கும் அவ வாயில வராத பேரை அவ தலைமாட்டுல வெட்டலாமா? எனக்குக் கேக்க வேற ஆளு இல்லை. நீயும் புருஷன் பேர் சொல்லாதவ. நீ சொல்லு."

அன்றைக்கே பதில் எழுதிப் போட்டேன்.

"வெட்டச் சொல்லுங்க மாமா. சொல்றதுக்குத்தான் எங்களுக்குக் கூச்சம். பக்கத்துல இருக்கிறதுக்கு இல்லை."